சொல்லும் பொருளும்: 'ராங்ஃபுல்லி'

நம் சங்கத்து அன்பர் ஒருவர் அஞ்சலட்டையில் ஒரு வினா விடுத்திருக்கிறார். ஆங்கிலேயர் 'ராங்லி' என்றும் சொல்கிறார்கள், 'ராங்ஃபுல்லி' என்றும் சொல்கிறார்கள். கையகராதியில் இரண்டுக்கும் 'தவறாக' என்றே பொருள் போட்டிருக்கிறது. பள்ளியில் படிக்கும் தம் மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்பது அவருடைய கவலை. வினா ஒரு வரிதான். விடையோ இந்தப் பக்கத்துக்குள் அடங்குமா என்பது ஐயம். இயன்றவரை சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். நாக்பூரில் ஒப்படைக்கப்பட்ட ஒரு மூட்டை ஈரோட்டுக்குச் செல்ல வேண்டும். சுமை ஏற்றுபவர் அவசரத்தில் அதை ஜபல்பூர் செல்லும் வண்டியில் ஏற்றிவிடுகிறார். அம்மூட்டை 'ராங்லி' ஏற்றப்பட்டது. யாருடைய உரிமையையும் யாரும் பறிக்கவில்லை. கை தவறிற்று, அவ்வளவே. மீண்டும் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினால் தீர்ந்தது. இனி, அதே மூட்டை ஒழுங்காக ஈரோடு சேர்ந்துவிட்டது என்று கொள்வோம். உரியவர் ரசீதைக் காட்டுகிறார், கட்டணம் பாக்கியில்லை. ஆயினும் அங்குள்ள எழுத்தர் ஏதோ மனக்கசப்பால் மூட்டையைக் கொடாமல் நிறுத்தி வைக்கிறார். இங்கே ஊர் தவறவில்லை, சீட்டும் தவறவில்லை. ஆனால் மூட்டை 'ராங்ஃபுல்லி' நிறுத்தப்பட்டிருக்கிறது. முன்னது பிழை, பின்னது ஒருவருக்கு உள்ள உரிமையை மற்றொருவர் மறித்த செயல். மனக்கசப்பு இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை இல்லை என்பது ஒன்றே அந்தச் சொல் பொருந்துவதற்குப் போதும்.

இச்சொல்லின் பிறப்பு சுவையானது. 'ராங்' என்பது ஆங்கிலேயர் வீட்டில் பிறந்த குழந்தையன்று. வடகடல் தாண்டி வந்து இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்கள் கொண்டுவந்த சொல் அது. அவர்கள் மொழியில் அதற்கு 'வளைந்தது', 'கோணலானது' என்று பொருள். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதற்கு ஆங்கிலத்தில் 'ரிங்' என்ற வினை இருக்கிறதே, அதுவும் இதற்கு உறவு. இரண்டுக்கும் முன்னால் டபிள்யூ என்ற எழுத்து நிற்கிறது. முற்காலத்தில் அதை ஒலித்தார்கள், இப்பொழுது ஒலிப்பதில்லை. ஓய்வு பெற்றுப் போன பின்னும் அறைவாசலில் கழற்றப்படாமல் தொங்கும் அதிகாரியின் பெயர்ப்பலகை போல அது நிற்கிறது. இதற்கு எதிர்ச்சொல்லான 'ரைட்' என்பதோ நேரானது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லுக்கு இனமானது. வழக்கறிஞர்கள் 'டார்ட்' என்கிறார்களே, பிறருக்கு இழைத்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கு, அச்சொல்லும் 'முறுக்கப்பட்டது' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே.

தமிழருக்கு இதில் வியப்பு இராது. நேரானதைச் செம்மை என்றோம், வளைந்ததைக் கொடுமை என்றோம். வளைந்த அரிவாள் கொடுவாள். இலக்கணம் பிறழ்ந்த வழக்கு கொடுந்தமிழ். நெறி பிறழ்ந்த அரசு கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமே கொடுங்கோன்மை. இன்று கொடுமை என்றவுடன் நமக்குக் கண்ணீரும் இரத்தமும் நினைவுக்கு வருகின்றன. அடியில் இருப்பது கோணல் என்ற எளிய பொருள்தான். ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள் அநீதியைக் குறிக்க ஒரே உருவத்தைத் தேர்ந்துகொண்டன.

'ராங்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஃபுல்' சேர்ந்து, அதன் பின் 'லி' சேர்ந்து, வினையைத் தழுவி நிற்கும் அடைமொழியாக இது 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே காணப்படுகிறது. இதற்கு ஒரு தமக்கையும் உண்டு. 'ராங்கஸ்' என்பது அவள் பெயர். நேர்மையாளனைக் குறிக்கும் 'ரைட்டியஸ்' எப்படி உருவாயிற்றோ அப்படியே உருவானவள். இங்கிலாந்தில் அவள் மறைந்துவிட்டாள். ஸ்காட்லாந்தில் சட்டப் புத்தகத்துக்குள் அடைக்கலம் புகுந்தாள். முறையின்றிச் சிறையிலிடுவதையும் விசாரணையை இழுத்தடிப்பதையும் தடுக்க அந்நாட்டுப் பார்லிமெண்டு 1701ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின் தலைப்பில் அவளைக் காணலாம்.

1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'ராங்ஃபுல்லி' பல இடங்களில் வருகிறது. சங்கீதப் பகுதியில் 35, 38, 69, 119 ஆகிய எண்ணுள்ள பாடல்களில் காரணமின்றிப் பகைப்பவரையும் துன்புறுத்துபவரையும் பற்றிச் சொல்லுமிடத்து வருகிறது. அங்கெல்லாம் மூலமாகிய எபிரேயத்தில் நிற்பது 'பொய்' என்னும் சொல். யோபுவின் நூலில் 21ஆம் அதிகாரத்தில் ஒருமுறை வருகிறது. அங்கே மூலச்சொல் வன்முறையைக் குறிப்பது. எசேக்கியேல் நூலின் 22ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே மூலத்தில் 'நியாயத்தீர்ப்பு இல்லாமல்' என்று இருக்கிறது. பேதுரு எழுதிய முதல் நிருபத்திலோ நீதியின்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக வருகிறது. பொய், வன்முறை, விசாரணையின்மை, நீதியின்மை என்ற நான்கையும் மொழிபெயர்த்தவர்கள் ஒரே ஆங்கிலச் சொல்லில் கொட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; பை பெரிது, நான்கும் கொண்டன.

இவற்றுள் எசேக்கியேலில் வரும் இடம் நம்மைப் போன்றோர் நின்று பார்க்கத்தக்கது. அங்கே துன்புறுத்தப்படுபவன் வேற்றூரிலிருந்து வந்து குடியிருப்பவன். உள்ளூர்க்காரனுக்கு உறவும் சுற்றமும் சாட்சி சொல்லும். வந்தேறிக்கு முறையான விசாரணையைத் தவிர வேறு துணை இல்லை. அந்த விசாரணையும் இல்லாமல் அவனை ஒடுக்கினார்கள் என்பதே அங்கே சாட்டப்படும் குற்றம். தமிழ் விவிலியம் அவ்விடத்தில் 'அநியாயமாய்' என்று பெயர்த்திருக்கிறது.

இச்சொல்லை அரசன் முகத்துக்கு நேரே சொல்லும் காட்சி ஒன்று ஷேக்ஸ்பியரிடம் இருக்கிறது. இரண்டாம் ரிச்சர்டு மன்னனைப் பற்றி அவர் 1595ஐ ஒட்டி எழுதிய நாடகம் அது. கதைக்கு அடிப்படை உண்மை வரலாறு. மன்னனின் சிற்றப்பன் ஜான் ஆஃப் கான்ட் 1399ஆம் ஆண்டு பிப்ரவரியில் இறந்தான். அவனுடைய மகன் ஹென்றி அப்பொழுது நாடு கடத்தப்பட்டிருந்தான். தந்தையின் நிலபுலன் அனைத்தும் ஹென்றிக்குச் சேர வேண்டியவை. மன்னனோ அவற்றைத் தனக்கே எடுத்துக்கொண்டான். நாடகத்தில் மற்றொரு சிற்றப்பனாகிய யார்க் கோமகன் மன்னனை எச்சரிக்கும்போது 'ராங்ஃபுல்லி' என்ற சொல்லையே எடுக்கிறான். அவன் வாதம் கூர்மையானது. மகன் தந்தைக்கு வாரிசு என்ற விதியை நீ இன்று உடைத்தாயானால், நீ அரியணையில் அமர்ந்திருப்பதும் அதே விதியால்தான் என்பதை மறந்துவிட்டாய் என்பது அதன் சாரம். மன்னனுக்கு வலிமை இருந்தது, படை இருந்தது, முத்திரை மோதிரமும் இருந்தது. அவற்றை வைத்து எடுக்க முடிந்தது. எடுக்க உரிமை இல்லை என்பதைக் கிழவன் ஒரு சொல்லில் சொல்லிவிட்டான். ரிச்சர்டு கேட்கவில்லை. ஜூலையில் ஹென்றி யார்க்ஷயர் கரையில் வந்திறங்கினான். அக்டோபரில் நான்காம் ஹென்றியாக முடிசூடினான்.

நம் நாட்டுக்கு இச்சொல் சட்டத்தின் வழியே வந்து வேரூன்றிற்று. மெக்காலே தலைமையில் அமைந்த ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்கு இலக்கணமே வகுத்தது. ஒருவருக்குச் சட்டப்படி உரிமையில்லாத பொருளைச் சட்டவிரோதமான வழியில் அடைவது முறையற்ற ஆதாயம். உரிமையுள்ள பொருளை அவ்வழியில் இழக்க நேர்வது முறையற்ற நஷ்டம். இத்தோடு நிறுத்தாமல் அப்பிரிவு மேலும் ஒன்று சொல்லிற்று. பறித்துக்கொண்டால் மட்டுமா 'ராங்ஃபுல்லி' ஆகும்? கொடுக்க வேண்டியதைக் கொடாமல் கையில் வைத்துக்கொண்டாலும் ஆகும். உரியவரைத் தம் பொருளின் அருகே வரவிடாமல் விலக்கி வைத்தாலும் ஆகும். இந்த நுணுக்கத்துக்குப் பின்னால் வரும் வேலையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். 2024 ஜூலை முதல் நாளோடு அப்பழைய சட்டம் போய், 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. புதியதன் 2ஆம் பிரிவிலும் இதே விளக்கம் இருக்கிறது.

ஒருவர் செல்ல உரிமையுள்ள திசையில் செல்லவிடாமல் மறிப்பதும், ஓரெல்லைக்குள் அடைத்து வைப்பதும் முன்பு 339, 340ஆம் பிரிவுகள். இப்பொழுது 126, 127. இரண்டின் பெயரிலும் 'ராங்ஃபுல்' உண்டு. மறிப்புக்கு ஒரு மாதம் வரையிலும், அடைப்புக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். கூலி பேசி அழைத்து வந்த தொழிலாளரைக் கணக்குத் தீரும்வரை கொட்டகையை விட்டுப் போகக்கூடாது என்று பூட்டி வைக்கும் ஒப்பந்தக்காரர்களைப் பற்றி நம்மவர் சிலர் பேசக் கேட்டிருப்பீர்கள். முன்பணம் பாக்கி இருக்கிறது என்பது அவ்வாறு பூட்டி வைக்க உரிமை தந்துவிடாது. பணத்தை வாங்க நீதிமன்றம் இருக்கிறது. ஆளைப் பூட்டச் சாவி யாரும் கொடுக்கவில்லை.

வேலைநீக்கத்தைப் பற்றிப் பேசும்போதும் இச்சொல் வரும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில், 'ராங்ஃபுல்லி' நீக்கப்பட்ட தொழிலாளரை மீண்டும் வேலையில் அமர்த்துவதையும் அவருக்குப் பரிகாரம் அளிப்பதையும் தொழில் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வைத்தது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இதே சொல்லுக்குப் பொருள் மிகக் குறுகியது. அதற்கு எடுத்துக்காட்டாக அங்கே எல்லாரும் சொல்லும் வழக்கு கல்கத்தாவில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆடிஸ் என்பவர் கிராமபோன் கம்பெனியின் மேலாளராகக் கல்கத்தாவில் இருந்தார். வாரம் 15 பவுன் சம்பளம், அதற்கு மேல் கமிஷன். விலக்குவதாயின் ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1905 அக்டோபரில் கம்பெனி முன்னறிவிப்புக் கொடுத்தது. கொடுத்த கையோடு அவருடைய நாற்காலியில் வேறொருவரை உட்கார்த்தியும் விட்டது. அவர் இங்கிலாந்து திரும்பி வழக்குத் தொடுத்தார். ஜூரிமார் அவர் பட்ட அவமானத்தையும் மனத்தில் கொண்டு 600 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். 1909இல் பிரபுக்கள் சபை அதை ஒப்பவில்லை. முறையற்ற நீக்கம் என்றால் ஒப்பந்தம் மீறப்பட்டது என்பதே பொருள். சம்பளமும் கமிஷனும் எவ்வளவு நஷ்டமோ அதைப் பெறலாம். நீக்கிய விதம் கடுமையானது, மனம் புண்பட்டது, இனி வேறு வேலை கிடைப்பது அரிது என்பவற்றுக்கு ஈடு கிடையாது என்று தீர்த்தது. நீதிபதிகளுள் காலின்ஸ் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். என் மனம் காலின்ஸ் பக்கம் சாய்கிறது. ஆயினும் பெரும்பான்மையோர் கூறியதில் சொல்லைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது: 'ராங்ஃபுல்லி' என்பது மனத்தின் காயத்தை அளக்கும் கோலன்று, உரிமையின் மீறலை அளப்பது.

இங்கேதான் தமிழ் பேசும் நாம் இடறுகிறோம். நாம் 'ராங்ஃபுல்லி' என்பதை உள்ளத்துக்குள் 'அநியாயமாக' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். நியாயம் என்றால் நெறி, அநியாயம் நெறியின்மை. தொடக்கத்தில் அதுவும் கண்டிப்பான சொல்லாகவே இருந்தது. பேச்சுவழக்கில் நாம் அதை இழுத்து இழுத்துத் தளர்த்திவிட்டோம். குழம்பில் அநியாயத்துக்கு உப்பு, தக்காளி அநியாய விலை, நாக்பூரில் மே மாதம் அநியாய வெயில். இந்தத் தளர்ந்த பொருளோடு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் புலம்பல் நிறையும். உரிமை எது என்ற வரி விடுபட்டுப் போகும்.

அப்படி விடுபட்ட விண்ணப்பம் ஒன்றை 2019இல் என்னிடம் கொண்டுவந்து காட்டினார் நம் பகுதியில் வாழும் ஒரு சகோதரி. சேலம் பக்கத்தவர். அவர் கணவர் இங்குள்ள ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மூன்றாண்டு எட்டு மாதம் வேலை செய்து, நோயுற்றுப் பணிக்காலத்திலேயே இறந்துவிட்டார். கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 13,000 ரூபாய். பணிக்கொடை உண்டா என்று கேட்டதற்கு, ஐந்தாண்டு நிறைவுறாதவர்க்கு இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. உறவினர் ஒருவர் அவருக்காக ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதித் தந்திருந்தார். அதில் இறந்தவரின் உழைப்பு இருந்தது, இரு குழந்தைகளின் படிப்பு இருந்தது, கடவுள் பார்த்துக்கொள்வார் என்பதும் இருந்தது. பணிக்கொடை 'ராங்லி' மறுக்கப்பட்டது என்று ஒரு வரி. அதற்கு வந்த பதிலும் ஒரு வரிதான்: பதிவேடுகளைச் சரிபார்த்தோம், பிழை எதுவும் இல்லை.

பதில் எழுதியவர் கெட்டிக்காரர். 'ராங்லி' என்றால் பிழை. பிழை என்றால் கூட்டல் கழித்தலைப் பார்த்தால் போதும். பணியில் சேர்ந்த தேதியும் இறந்த தேதியும் சரியாக இருந்தன. ஆகவே பிழை இல்லை என்று எழுதிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பொய்யில்லாத விடை.

அன்று நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஐந்தாண்டுப் பணி வேண்டும் என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு விலக்கும் சொல்கிறது: மரணத்தாலோ உடல் ஊனத்தாலோ பணி முடிந்தால் ஐந்தாண்டு நிறைவுற வேண்டியதில்லை. ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சமும் ஓராண்டாகவே கணக்காகும். மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 500 ரூபாய். பதினைந்து நாளுக்கு 7,500. மூன்றாண்டு எட்டு மாதம் நான்காண்டாகிறது. ஆக 30,000 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வட்டியும் சேரும்.

இரண்டாம் விண்ணப்பத்தை அரைப் பக்கத்தில் எழுதினோம். முதலில் பணியின் தேதிகள், அடுத்து விலக்கைச் சொல்லும் பிரிவு, அடுத்துக் கணக்கு, கடைசியில் இத்தொகை இன்றுவரை 'ராங்ஃபுல்லி' நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்ற வாக்கியம். மறுக்கப்பட்டது என்று எழுதாமல் நிறுத்தி வைக்கப்பட்டது என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மறுத்தது என்றோ ஒருநாள் முடிந்த செயல்; கொடாமல் வைத்திருப்பதோ நாள்தோறும் நடக்கும் செயல். முன்னே சொன்ன 23ஆம் பிரிவின் நுணுக்கம் இங்கே உதவிற்று.

கையெழுத்திடும் முன் அச்சகோதரி கேட்டார்: "அண்ணா, போன கடுதாசியிலும் அவங்க செஞ்சது தப்புன்னுதானே எழுதியிருந்தது?"

"தப்புன்னு இருந்ததும்மா. இது உங்க பணம்னு அதிலே எங்கேயும் இல்லை" என்றேன்.

விண்ணப்பத்தின் நகல் ஒன்று அச்சட்டத்தின்படி அமைந்த அதிகாரிக்கும் போயிற்று. ஏழாவது வாரத்தில் 30,000 ரூபாய்க்குக் காசோலை வந்தது. வட்டி வரவில்லை. அதற்கும் எழுதுவோமா என்று கேட்டேன். வேண்டாம், பள்ளி திறக்கிறது, அலைய முடியாது என்றார் அவர். வட்டியும் அவருடைய உரிமையே. விட்டுக்கொடுப்பதும் அவருடைய உரிமை.

இதைப் படித்துவிட்டு எல்லா விண்ணப்பங்களிலும் 'ராங்ஃபுல்லி' என்று போட அன்பர்கள் தொடங்கிவிட வேண்டாம். வடக்கே வாழும் தமிழர்க்கு ஆண்டுதோறும் நேரும் தொல்லை ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதை இங்குள்ள அலுவலகங்கள் நம்ப மறுக்கின்றன. தகப்பனார் பெயரைக் கடைசியில் போட்டு, பிள்ளையை அப்பெயராலேயே அழைத்து, தலைப்பெழுத்தை விரித்து, விரித்ததில் இரண்டெழுத்தை விழுங்கி, ஒரே வீட்டில் நால்வருக்கு நான்கு வகையான அட்டைகள் தருகிறார்கள். இது 'ராங்லி' பதியப்பட்டது. அங்கே போய் 'ராங்ஃபுல்லி' என்று எழுதினால், எழுதுகோலோடு உட்கார்ந்திருக்கும் ஏழை எழுத்தர் தம்மீது குற்றம் சாட்டப்பட்டதாக எண்ணிக் கோப்பை மேலதிகாரிக்கு அனுப்பிவிடுவார்; பெயர் திருந்த இன்னும் மூன்று மாதம் ஆகும். திருத்திக் கொடுக்கும்படி பணிவாகக் கேட்டு, சான்றின் நகலை இணைத்து, 'ராங்லி' என்றே எழுதுங்கள். சான்று இணைத்து முறைப்படி கேட்ட பின்னும் திருத்த மாட்டேன் என்று எழுத்தில் மறுத்தால், அப்பொழுது மற்றச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

'டியூலி', 'அன்டியூலி' என்ற இரட்டையரைப் பற்றி இரு அன்பர்கள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த இதழில் அவற்றைப் பார்ப்போம்.